பதற்றக் கோளாறுள்ள குழந்தையின் உணர்வை அளக்கும்போது நடக்கும் தவறுகள்

குழந்தைகளின் பதற்றத்தை அளக்க 'ஸ்கேர்ட்' என்ற கேள்வித்தாள் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. 41 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 25 அல்லது அதற்கு மேல் வந்தால் பதற்றக் கோளாறு இருக்கலாம், விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த 'இருக்கலாம்' என்பதை விட்டுவிட்டு, '27 வந்திருக்கு, கோளாறுதான்' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நிபுணர் நேரில் பேசிப் பார்க்காமல் அதை முடிவு செய்ய முடியாது.

இந்தத் தாள் குழந்தைக்குத் தனி, பெற்றோருக்குத் தனி. இரண்டின் விடைகளும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. உடனே 'அவனுக்கு என்ன தெரியும்' என்று பிள்ளையின் தாளை ஓரம் கட்டுவார்கள், இல்லையென்றால் இரண்டுக்கும் சராசரி போடுவார்கள். சராசரி போட்டால் இருந்த தகவலும் போச்சு! அழுகையும் அடமும் அம்மா கண்ணில் படும். படுத்த பிறகு மனதில் ஓடுவது பிள்ளைக்கு மட்டுமே தெரியும். நல்ல பேர் வாங்க எல்லாவற்றுக்கும் 0 போடும் பிள்ளைகளும் உண்டு. தன் பதற்றத்தையே பிள்ளையிடம் பார்க்கும் பெற்றோரும் உண்டு. எந்தக் கேள்வியில் விடை மாறுகிறதோ, அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அப்புறம், பிள்ளை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாற்றுவது குறைந்த மதிப்பெண்தான். 'இந்த வாரம் பயம் பத்துக்கு எவ்வளவு?' என்று கேட்டால் பிள்ளை '2' என்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க அது பள்ளிக்கே போகவில்லை! பயப்படும் இடத்தைத் தவிர்த்தால் பயம் குறைவாகத்தானே தெரியும்? அதனால் எதையெல்லாம் தவிர்த்தது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும். சிகிச்சையில் பயந்த இடத்துக்கு மெல்ல மெல்லப் போகத் தொடங்கும்போது அந்த 2 சில நாள் 6 ஆகலாம். அதைப் பார்த்துச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைப் பதற்றத்தின் அளவாக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. ஓடினாலும் காய்ச்சல் வந்தாலும் குஷியில் குதித்தாலும் துடிப்பு ஏறும்.

வயதையும் கவனியுங்கள். ஸ்கேர்ட் 8 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. அது கேட்பது கடந்த 3 மாதங்களைப் பற்றி. ஆகவே வாராவாரம் அதையே நிரப்பச் சொல்வதில் அர்த்தமில்லை; வாரக் கணக்குக்கு அந்தப் 'பத்துக்கு எவ்வளவு?' கேள்வியும், எதையெல்லாம் தவிர்த்தது என்ற குறிப்பும் போதும்.