எக்ஸ்ரே அறை திறப்பதற்கு முன் பெறவேண்டிய அனுமதி

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை போன்ற இடங்களில் தனியார் மருத்துவ நிலையமோ பல் சிகிச்சை நிலையமோ நடத்துவோர் எக்ஸ்ரே இயந்திரம் வைக்க எண்ணினால், இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னரே அறையின் வரைபடத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின்படி, கதிர்வீச்சு இயந்திரத்தை இறக்குமதி செய்யவும் வைத்திருக்கவும் பயன்படுத்தவும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் தேவை. கொழும்பிலுள்ள விற்பனை முகவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாலும், இயந்திரத்தை வைத்திருப்பவர் என்ற வகையில் பொறுப்பு உங்களுடையதே. தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்துகொள்வது வேறு அலுவல். அது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியாக நடைபெறும்.

வரைபடத்தில் அதிக கவனம் வேண்டியது சுவர்களுக்கே. எங்கள் பிரதான வீதிகளில் கடைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், உங்கள் எக்ஸ்ரே அறையின் சுவருக்கு அப்பால் தையற்காரர் ஒருவர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கக்கூடும். பொதுமக்களில் ஒருவருக்கு இத்தகைய பயன்பாட்டினால் ஓர் ஆண்டில் 1 மில்லிசீவேர்ட்டுக்கு (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கதிர்வீச்சு சேரக்கூடாது. பணியாளருக்கான எல்லை ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட். ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் கதவுக்கும் அப்பால் இருப்பது கடையா, வீடா, நடைபாதையா, மேல்மாடியில் எவரும் வசிக்கிறார்களா, கதிர் எந்தத் திசையை நோக்கிச் செலுத்தப்படும் என்பவற்றை வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். சுவரின் தடிப்பும் கதவில் பதிக்கவேண்டிய ஈயத் தகட்டின் தடிப்பும் இவற்றைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. கட்டி முடித்த சுவரை உடைத்துத் திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல். அயலவர் அஞ்சினால், இயந்திரத்தை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடும், அறையில் எதுவும் தங்காது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்துவது சரியல்ல.

பணியாளர் அணியும் கதிர்வீச்சு அளவீட்டு வில்லையை இலங்கை அணுசக்திச் சபையிடமிருந்து பெறலாம். அனுமதி வழங்கும் பேரவையும் இந்தச் சேவையை வழங்கும் சபையும் வெவ்வேறு நிறுவனங்கள் என்பதால், கடிதங்களை இடம் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். வில்லையை மார்பளவில், ஈய மேலங்கிக்கு உட்புறமாக அணிய வேண்டும். அதனுள் இருக்கும் பளிங்கு, பட்ட கதிரின் சக்தியைத் தேக்கிவைத்து, ஆய்வுகூடத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளியிடும். அந்த ஒளியை அளந்தே கணக்கிடுகிறார்கள். அதனால் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதை விட்டுவைத்தால் அளவீடு பிழைக்கலாம். வேலை முடிந்ததும் மேலங்கியோடு எக்ஸ்ரே அறையிலேயே தொங்கவிடுவதும் தவறு, ஏனெனில் அடுத்தவர் எடுக்கும் படங்களின் கதிரும் உங்கள் கணக்கிலேயே சேரும்.

கதவில் கதிர்வீச்சு அடையாளத்தையும், கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்ற அறிவித்தலையும் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக ஒட்டுங்கள். பேரவையின் உத்தியோகத்தர்கள் பரிசோதனைக்கு வந்தால் அனுமதிப்பத்திரம், வில்லை அறிக்கைகள், இயந்திரத்தின் திருத்த வேலைப் பதிவுகள் ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், மூன்றையும் ஒரே கோவையில் வைத்திருப்பது நல்லது. இயந்திரத்தை விற்பதானாலும் வேறு கட்டடத்துக்கு மாற்றுவதானாலும் முதலில் பேரவைக்கு எழுத்தில் அறிவியுங்கள். வாங்குபவர் தம் பெயரில் அனுமதி பெறும்வரை அதைக் கைமாற்ற வேண்டாம்.