கமராவில் மட்டும் ஓடிய கறுப்புக் கோடுகள்

படப்பிடிப்புக்காகக் கொக்குவிலில் ஒரு மண்டபத்தில் வாடகை எல்இடி சுவர் (எல்இடி பலகைகளை அடுக்கிய பெரிய திரை) கட்டி, கீரிமலைக் கடலைப் பின்னணியாக ஓடவிட்டோம். கண்ணுக்குச் சுத்தம், கமராவில் மட்டும் கறுப்புக் கோடுகள் ஊர்ந்தன. வயர் மாற்றினோம், லென்ஸ் மாற்றினோம், ஜெனரேற்றரில்கூட ஓட்டிப் பார்த்தோம். மூன்று நாள் வீண்.

பகல் காட்சியில் கோடு மங்கல், அந்திக் காட்சியில் அதிகம் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அந்திக்காகச் சுவரின் வெளிச்சத்தை 10 வீதத்துக்கு இறக்கியிருந்தோம். எல்இடி மங்குவது மின்னி அணைந்துதான்; குறைக்கக் குறைக்க அணைந்திருக்கும் நேரம் கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இருட்டைத்தான் கமரா கோடாகப் பிடித்தது. சரி என்று வெளிச்சத்தை ஏற்றி, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, சுவரின் பலகைகளை இயக்கும் ரிசீவிங் கார்டில் ரிஃப்ரெஷ் வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை, 1920 ஹேர்ட்ஸிலிருந்து 3840க்கு மாற்றி, கமராவையும் சுவரையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் ஜென்லொக்கும் கொடுத்தேன். கோடு போய்விட்டது.

வாடகை பேசும்போது 2.6 மில்லிமீற்றர் பிட்சை, அதாவது எல்இடி புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத்தான் பார்த்தோம்; ரிஃப்ரெஷ் வேகத்தைக் கேட்கவே இல்லை.