அல்சைமர் பற்றி எங்கே படிப்பது?

வீட்டில் ஒருவருக்கு அல்சைமர் என்று தெரிந்த அன்றிரவே கைப்பேசியில் தேடத் தொடங்கிவிடுவோம். அப்போது "முழுமையாகக் குணமாகும்" என்று எழுதிய பக்கம் வந்தால், உடனே மூடிவிடுங்கள். அப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை. லெக்கனேமாப் போன்ற புதிய மருந்துகள்கூட ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நோயின் வேகத்தை ஓரளவு குறைப்பவைதான். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. இதையும் சேர்த்துச் சொல்கிற பக்கத்தை நம்பிப் படிக்கலாம்.

நான் முதலில் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' கையேட்டைத்தான். கோபம், தூக்கமின்மை, வெளியே போய் வழி தவறுவது, கூட இருப்பவருக்கு வரும் அயர்ச்சி என்று பராமரிப்பவரின் அன்றாடத்தைப் பேசுகிறது. பொறுமையாகப் படியுங்கள். அடுத்து, 1984-இல் தொடங்கிய அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல் என்ற, பல நாட்டு அல்சைமர் சங்கங்களின் கூட்டமைப்பு; உங்கள் நாட்டுச் சங்கம் எது என்று அதன் தளத்தில் தெரிந்துகொள்ளலாம்.

எதைப் படித்தாலும் கடைசியாகத் திருத்திய தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று: மறதியெல்லாம் அல்சைமர் அல்ல. பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நீங்களாக முடிவுகட்டாமல், சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.