ஆட்டோமேட்டிக் கார் மக்கர் பண்ணுகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன ஆடி மாதம் உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் வழியில் என் கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டது. மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை, மீட்டரில் மஞ்சள் விளக்கு வேறு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த உடனேயே “கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கித்தான் பார்க்கணும்” என்றார்கள். நான் இறக்க விடவில்லை. கடைசியில் காரணம், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனையில் ஏறியிருந்த பச்சைக் களிம்பு. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் வெளியே இருக்கிற கோளாறை முதலில் பார்த்துவிட வேண்டும், உள்ளே கை வைப்பதெல்லாம் அப்புறம்தான்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.எம்.டி., சி.வி.டி. (பெல்ட்டோ செயினோ கொண்டு, படிப்படியான கியர் இல்லாமல் விகிதம் மாறுவது), டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்துவது), டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச்) எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்கிறோம், ஆனால் நோய் வேறு வேறு. ஏ.எம்.டி. என்பது சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது, அதனால் கியர் மாறும்போது லேசாகத் தலை ஆடுவது அதன் இயல்பு, கோளாறு இல்லை. ஆனால் ஏற்றத்தில் வண்டி நடுங்கினாலோ கருகல் வாடை வந்தாலோ கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம். பாம்பன் பாலத்தில் முன்னால் போகிறவர்கள் கடலையும் ரயிலையும் பார்க்க நின்றுவிடுவார்கள், அப்போது பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. கிளட்சைத் தின்பது அதுதான்.

அடுத்து, கோளாறு எப்போது வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா, எந்த கியரில், ரிவர்ஸிலும் வருகிறதா? சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து டி-க்கும் (முன்னால் போக), பிறகு ஆர்-க்கும் (ரிவர்ஸ்) மாற்றிப் பாருங்கள். டார்க் கன்வெர்ட்டர் வண்டியென்றால் ஒன்றிரண்டு நொடிக்குள் பிடிப்பது தெரியவேண்டும். தாமதமாகப் பிடித்தால் ஆயில் குறைவு அல்லது அழுத்தக் குறைவு என்று சந்தேகப்படலாம். ஓடும்போது ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்று) மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது ஸ்லிப், உள்ளே பிடிப்பு வழுக்குகிறது.

இப்போது கியர்பாக்ஸ் ஆயில். அதற்கு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இருக்கும் வண்டி என்றால் அளவு பார்க்கும் முறையை மேனுவலில் படித்துவிட்டுத் தொடுங்கள், ஏனென்றால் பல வண்டிகளில் சூடேற்றி இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். குச்சியில் வரும் ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். வழக்கமான ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்றால் புதிதில் மாதுளைச் சாறு மாதிரி கண்ணாடிச் சிவப்பு. பழுப்பேறியிருந்தால் பழசு. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே சூடு தாங்காமல் கிளட்சுகள் கருகியிருக்கலாம். ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கலாக வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். சி.வி.டி. ஆயில் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அங்கே வாடையையும் கலங்கலையும் நம்புங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில் இதை ஒர்க்‌ஷாப்பில்தான் பார்க்க முடியும், ஆனால் இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் ஒழுகல் காட்டிக்கொடுத்துவிடும்.

தனுஷ்கோடி மணலில் சக்கரம் புதைந்து, மிதித்து மிதித்து எடுத்த வண்டியா? அப்படியென்றால் ஆயிலைக் கட்டாயம் பாருங்கள். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் உறுமும் அந்த ஐந்து நிமிடத்தில் ஆயில் வெகுவாகச் சூடேறிவிடும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய வேலை, களிம்பு தேடுவது. கியர்பாக்ஸை நடத்துகிற கம்ப்யூட்டருக்குக் கரண்ட் சரியாகப் போகாவிட்டால் அது பயந்து வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும். வோல்ட்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும், ஓடும்போது பெரும்பாலும் 13.5-லிருந்து 14.5 வரை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றைக் கியர்பாக்ஸின் வெறும் உலோகத்திலும் வையுங்கள், பெல்ட், ஃபேன் பக்கம் கையும் துணியும் போகாமல். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. இன்ஜினை அணைத்து, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, முனைகளை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கியர்பாக்ஸ் கனெக்டர்களையும் பிடுங்கி, பின்களில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர், அதாவது வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் கருவி, போடுங்கள். பி0700 வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், உண்மையான கோளாறு எண் உள்ளே இருக்கும். பி0730 என்றால் கியர் விகிதம் தவறு, ஸ்லிப்பாக இருக்கலாம். பி0715 என்றால் உள்ளே வரும் சுழற்சியை அளக்கும் சென்சார் அல்லது அதன் வயர். பி0562 வந்தால் வோல்ட்டேஜ் குறைவு, மறுபடி களிம்பு பக்கமே போங்கள். அந்த எண்களை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து, குறித்து வைத்த தாளோடு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும், சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எல்லாம் காய்ந்தபடி உரசும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றாலும் சரி, முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகிற லாரியைக் கேட்டு வரவழையுங்கள்.