கௌட் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது

என் வீட்டுக்காரர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். முதல் தடவை கௌட் என்ற மூட்டு நோய் வந்த இரவு, கால் பெருவிரல் வீங்கிக் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. காற்றாடிக் காற்றில் போர்வை நுனி ஆடி விரலில் பட்டதற்கே அலறிவிட்டார். டாக்டர் அலோபியூரினால் என்ற மாத்திரையைக் கொடுத்தார். வலி போனதும் இவர் நிறுத்திவிட்டார். மூன்றே மாதத்தில் மறுபடி வந்தது, இந்த முறை முட்டியில்.

அதனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இது வலி மாத்திரை இல்லை. நம் செல்கள் அழிந்து புதிதாகும்போதும், ஈரல், நெத்திலி சாப்பிடும்போதும் பியூரின் என்ற பொருள் உடலில் சேர்கிறது. அதை யூரிக் அமிலமாக மாற்றுவது சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி. கல்லீரலிலும் குடலிலும்தான் அதற்கு அதிக வேலை. பெரும்பாலான பாலூட்டி விலங்குகளுக்கு யூரிக் அமிலத்தை மேலும் உடைக்க இன்னொரு நொதி உண்டு, நமக்கு அது இல்லை. சிறுநீரில் போனது போக மிச்சம் தேங்கினால், ஊசி ஊசியாகப் படிந்து மூட்டில் உட்கார்ந்துகொள்ளும். அலோபியூரினால் அந்த நொதியின் கையைக் கட்டிவைக்கிறது. மாத்திரையை விட்டால் கட்டும் அவிழ்ந்துவிடும்.

ஆகவே தினமும், ஒரே நேரத்தில். இவருக்கு இரவுச் சாப்பாடு முடிந்ததும். பெரும்பாலும் 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். ரத்தச் சீட்டில் யூரிக் அமிலம் லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே வரவேண்டும். முதல் சில மாதம் வலி திரும்ப வரலாம், பயந்து நிறுத்தாதீர்கள். அதற்குத் தனியாக டாக்டர் மருந்து தருவார்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின் மருந்து சாப்பிட்டாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் ஜாமு என்ற மூலிகை மாத்திரை வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த, பதிவில்லாத மருந்துகள் நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

சாப்பாட்டில் ஈரலும் பீரும் போயே போய்விட்டன. நாசி லெமாக்கில் நெத்திலிச் சம்பலை மட்டும் அவரால் விடமுடியவில்லை, பாவம். ஒரு கரண்டி வைக்கிறேன், அதற்குமேல் கிடையாது. அப்புறம் தண்ணீர், நிறைய.

போன சீட்டில் 340. அதை மடித்து மாத்திரை டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன், அவர் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று.