ஸ்டாக்ஹோமில் நட்சத்திர உணவகத்தில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஸ்டாக்ஹோம் போகிறீர்கள், ஒரு வேளையாவது மிஷெலின் நட்சத்திரம் (நல்ல உணவகங்களுக்கு மிஷெலின் என்ற பிரெஞ்சு வழிகாட்டி தரும் மதிப்பு) வாங்கிய உணவகத்தில் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தாராளமாகப் போங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இந்த மாதிரி இடங்களில் மெனு கார்டைப் புரட்டி ஆர்டர் சொல்லும் வேலையே பெரும்பாலும் கிடையாது. என்ன வரும், எந்த வரிசையில் வரும் எல்லாம் சமையல்காரர் முடிவு. நீங்கள் வாய் திறக்க வேண்டிய நேரம் முன்பதிவு செய்யும்போதுதான்.

முதலில் பணம். நட்சத்திரம் வாங்கிய இடங்களில் முழுச் சாப்பாடு பெரும்பாலும் ஆளுக்கு 2,000 குரோனாவை (ஸ்வீடன் பணம்) ஒட்டி வந்துவிடும், உச்சியில் இருக்கும் ஃப்ரான்ட்சேன் மாதிரி இடத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் குடிப்பதற்கு ஒன்றும் சேர்க்காமல். ஃப்ரான்ட்சேன் 2018இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது, ஸ்வீடனில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் உணவகம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு நட்சத்திர இடமே போதும், மிச்சப் பணத்தில் இன்னும் இரண்டு நல்ல ஊர்ச் சாப்பாடு சாப்பிடலாம்.

முன்பதிவு எல்லாம் இணையத்தில்தான். பல இடங்களில் முழுத் தொகையையும் அப்போதே கட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் கார்டு விவரத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் காசு போனது போனதுதான். அதனால் விமானம் இறங்குகிற அன்றைக்கே மேசை பதிவு செய்யாதீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: இந்திய நேரத்துக்கு ஸ்டாக்ஹோம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். அங்கே இரவு 9 மணிக்கு உட்கார்ந்தால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு தாண்டியாகிவிட்டது, சாப்பாடோ மூன்று நான்கு மணி நேரம் நீளும், எட்டாவது தட்டு வரும்போது கண் சொக்கும். மாலை 6 மணி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஜூலையில் ஊரே விடுமுறை, நல்ல உணவகங்கள் பல சில வாரம் மூடிக் கிடக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் என் தேர்வு: நண்டு வகை, காட்டுக் காளான், லிங்கன்பெர்ரி என்ற புளிப்புச் சிவப்புப் பழம் எல்லாம் அப்போதுதான் களை கட்டும்.

அடுத்தது, நம்மில் நிறையப் பேர் கோட்டை விடும் இடம். முன்பதிவுப் படிவத்தில் உணவுக் கட்டுப்பாடு கேட்கும் பெட்டியில் 'வெஜிடேரியன்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மீன், கோழி, எலும்புச் சாறு, ஜெலட்டின், விலங்குக் கொழுப்பு வேண்டாம், பாலும் வெண்ணெயும் பரவாயில்லை, முட்டை சாப்பிடுவேன் அல்லது மாட்டேன் என்று பிரித்து எழுதுங்கள். அசைவம் சாப்பிட்டாலும் மாட்டிறைச்சியோ பன்றியோ ஆகாது என்றால் கொழுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏன் என்றால் எக்ஸ்டெட் என்ற உணவகத்தைப் பாருங்கள். சமையல்காரர் நிக்லாஸ் எக்ஸ்டெட் 2011இல் தொடங்கிய இந்த உணவகத்தில் சமையல் எல்லாம் விறகு நெருப்பில்தான். அங்கே பேர் போன ஒரு பண்டம் சிப்பி. நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கூம்பு ஒன்றை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதற்குள் மாட்டுக் கொழுப்புத் துண்டைப் போடுவார்கள். கொழுப்பு குப்பென்று பற்றி எரிந்து கூம்பின் நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிப்பி மேல் விழும், சிப்பி அந்தச் சூட்டில் வேகும். 'சிப்பி' என்று மட்டும் பார்த்தால் மாடு இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முன்பே எழுதியவர்களுக்கு வேறு தட்டு தயாராக இருக்கும், மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் அரை வயிறு. எல்லா இடத்திலும் சைவ மெனு கிடையாது. 'எங்களால் முடியாது' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள், கெஞ்ச வேண்டாம்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. நேரத்துக்குப் போங்கள், பத்து நிமிடம் தாமதம் என்றாலும் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். கோட் சூட் தேவையில்லை, சுத்தமான சட்டை போதும், நல்ல புடவை என்றால் இன்னும் அழகு. பரிமாறுகிறவர்கள் 'சார், மேடம்' போட மாட்டார்கள், நண்பர் மாதிரி பேசுவார்கள், பல தட்டுகளைச் சமைத்தவரே கொண்டுவந்து வைத்து விளக்குவார். புரியாததைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

காரத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே சுவை புளிப்பிலும் புகையிலும் உப்பிலும் இருக்கிறது. நீண்ட குளிர்காலத்தை ஊறவைத்தும் புளிக்கவைத்தும் புகையூட்டியும் கடந்த ஊர், அந்தப் பழக்கம்தான் இன்றைய நவீன தட்டிலும் நிற்கிறது. வடக்கே காலிக்ஸ் பக்கம் கடலில் பிடிக்கும் சின்ன மீனின் ஆரஞ்சு நிறச் சினை வந்தால் விடாதீர்கள்: வறுத்த ரொட்டி, புளித்த கிரீம், பொடியாக நறுக்கிய வெங்காயம், அவ்வளவுதான், வாயில் போட்டால் மணி மணியாக உடையும். கலைமான் (ரெயின்டீர்) இறைச்சி வரலாம், ஆட்டுக்கறி பழகியவர்களுக்குப் பயமில்லை. ரொட்டியும் அடித்த வெண்ணெயும் வரும்போது அளவோடு, இன்னும் பாதிச் சாப்பாடு பாக்கி.

குடிப்பதில்தான் பில் எகிறும். தட்டுக்குத் தட்டு ஒயின் எடுத்தால் சாப்பாட்டு விலையை நெருங்கிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தித் தரும் மதுவில்லாத பானம் கேளுங்கள், ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு, சீ பக்தார்ன் என்ற புளிப்புப் பழம் மாதிரியானவற்றின் சாறுகள் வரும், எனக்கு ஒயினைவிட அதுதான் பிடிக்கிறது.

பில்லில் வரி சேர்ந்தே இருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை, மனம் இருந்தால் ஐந்து முதல் பத்து சதவீதம். ரொக்கம் பல இடங்களில் வாங்குவதே இல்லை, ஊர்க்காரர்கள் பணம் கட்டத் தட்டும் ஸ்விஷ் செயலிக்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும், அதனால் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்து வைத்த கார்டும் அதன் ரகசிய எண்ணும் (PIN) கையில் இருக்கட்டும். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும், மற்ற நாட்களில் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு இனிப்புக்கு உட்காருங்கள்.