முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குக் கரையால் நடப்பது

என் அம்மா கொக்குத்தொடுவாயில் பிறந்தவர். 1984 டிசம்பரில் அந்தப் பக்கத்துக் கரையூர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது கையில் ஒரு பையோடு வெளிக்கிட்டவர். மீளக்குடியேற விட்ட பிறகு முதல்தரம் நான் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அடுத்த வருடம் நடந்து போனேன். அதன்பிறகு மாசி, பங்குனி வந்தால் கால் தானாகக் கரைக்குப் போகிறது. நடக்க விரும்புகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பவற்றுக்கு இதில் பதில் எழுதுகிறேன்.

வழி இதுதான்: முல்லைத்தீவுப் பட்டினக் கரை, கள்ளப்பாடு, சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். ஏறக்குறைய 35 கிலோமீற்றர். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் நாள் செம்மலை வரை போதும். அங்கே தெரிந்தவர் வீடு இருந்தால் தங்கலாம், இல்லாவிட்டால் பஸ் பிடித்து முல்லைத்தீவுக்குத் திரும்பி மறுநாள் விடிய வாருங்கள். இரண்டாம் நாள் ஆளரவம் குறைந்த பகுதி. தனியே போக வேண்டாம், குறைந்தது மூன்று பேர்.

வட்டுவாகலுக்கு வடக்கே இருக்கிற, போரின் கடைசி நாட்களில் எங்கள் சனம் மடிந்த முள்ளிவாய்க்கால் கரையை இந்த நடையோடு சேர்க்காதீர்கள். அங்கே போவதென்றால் அதற்கென்றே ஒரு நாள் வைத்து, பூவோடு போங்கள்.

மாதம் முக்கியம். ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை மழையும் வாடைக்காற்றும். கடல் கரையைத் தின்னும், நடக்க இடமே இராது. வைகாசிக்குப் பிறகு சோளகக்காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். மாசியும் பங்குனியும்தான் கடலும் காற்றும் அடங்கிக் கிடக்கிற காலம். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் பத்து மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

மணலில் நடப்பது வீதியில் நடப்பது போல இல்லை. அலை வந்து திரும்பிய ஈர மணல்தான் இறுக்கமானது. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் அந்த ஈரப்பட்டை ஒடுக்கமாகவே இருக்கும். தெற்கே போகும்போது கடல் இடக்கைப் பக்கம். கரை சரிவானது, இடக்கால் எப்போதும் பள்ளத்தில், வலக்கால் மேட்டில். முதல் வருடம் இது விளங்காமல் நடந்து, இரண்டு கிழமை இடுப்பு நோவோடு கிடந்தேன். இப்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் அடம்பன்கொடி படர்ந்திருக்கிற மேட்டுக்கு ஏறிச் சமநிலத்தில் கொஞ்சம் நடப்பேன். மேட்டில் இராவணன் மீசை என்கிற முட்புல் குத்தும், செருப்பு வேண்டும். ஈர மணலில் வெறுங்காலே சுகம். ஆனால் கொக்கிளாயை நெருங்க நெருங்க மணலில் கறுப்பு கலக்கும். அது இல்மனைற் என்கிற கனிமம். வெயில் ஏறினால் அடுப்புக்கல் மாதிரிச் சுடும். அந்த இடத்தில் சப்பாத்து இல்லாமல் வைராக்கியம் பிடிக்காதீர்கள்.

அளம்பில் பக்கம் கரைவலை, அதாவது கடலில் விட்டுக் கரையில் நின்று இழுக்கிற பெருவலை, இழுப்பதைக் காண்பீர்கள். கடலிலிருந்து கரைக்கு முறுகி நிற்கிற கயிற்றைத் தாண்டவே கூடாது. இழுக்கிறவர்களுக்குப் பின்னால், தரைப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கிறது, கயிறு அறுந்தால் காலை வெட்டிவிடும். நேரம் இருந்தால் நின்று, மீன் சேருகிற வலையின் மடி கரையேறும்வரை பாருங்கள். "அண்ணை, மீன் பட்டதோ?" என்று கேட்டால் போதும், கரையிலுள்ள தங்கள் கொட்டிலான வாடிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார்கள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே முன்னாலுள்ள கரையைப் பற்றி விசாரித்துவிடுங்கள். எங்கே மண் அரித்திருக்கிறது, எந்தத் தொடுவாய் திறந்திருக்கிறது என்பது அவர்களை விட யாருக்கும் தெரியாது.

தொடுவாய்தான் இந்த வழியின் முழுச் சங்கதியும். களப்பு கடலைத் தொடுகிற வாய். ஊரின் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், கொக்குத்தொடுவாய். மழைக்கு ஆறுகள் களப்பை நிரப்ப, மணல் திட்டு உடையும், அல்லது கடற்றொழிலாளர்கள் கூடி வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் பாயும். மழை ஓய்ந்தபின் அலை மணலைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயை அடைக்கும்.

ஒரு தை மாதம் அவசரப்பட்டு நாயாற்றுத் தொடுவாயில் இறங்கினேன். முழங்கால் அளவு போலத்தான் தெரிந்தது. நாலாவது அடியில் இடுப்புக்கு வந்தது, உள்ளங்காலுக்குக் கீழே மணல் ஓடத் தொடங்கியது. வாடியிலிருந்து ஒரு ஐயா கத்தினார்: "பிள்ளை, அங்கால போகாத! வந்த காலடியிலயே பின்னுக்கு வா!" அப்படியே பின்னுக்கு வந்தேன். கரையேறின பிறகு அவர் சொன்னது: "தண்ணி வெளியால ஓடேக்க தொடுவாயில இறங்கக் கூடாது. ஆழம் இல்லாட்டிலும் இழுவை இருக்கும்." ஆகவே நாயாற்றில் கரையை விட்டு வீதிக்கு ஏறிப் பாலத்தால் கடவுங்கள். வெள்ளம் வந்த வருடமென்றால் பாலம் எப்படி இருக்கிறதென்று செம்மலையிலேயே கேளுங்கள். களப்பு ஓரத்தில் கால் கழுவவும் இறங்காதீர்கள், முதலை உண்டு.

நாயாற்றுக்கு அங்காலே இன்னும் கவனம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்க வேண்டாம். மணலில் கிடக்கிற இரும்பு எதையும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள். இராணுவ முகாம் வேலி குறுக்கே வந்தால் வீதிக்கு ஏறுங்கள், படம் எடுக்காதீர்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யானை காட்டிலிருந்து இறங்கும், அதற்கு முன் ஊருக்குள் போய்விட வேண்டும். கொக்குத்தொடுவாயில் 2023இல் குடிநீர்க் குழாய் தாழ்க்கக் கிண்டியபோதுதான் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. அந்த ஊரைக் கடக்கும்போது நான் சத்தமாகக் கதைப்பதில்லை.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தேசிக்காய், உப்பு, சீனி, தொப்பி, துவாய், வெடித்த கொப்புளத்துக்குக் கட்டத் துணி. சாப்பாட்டுக்கு நான் கட்டுவது பிட்டும் பொரித்த மீனும். சொதி ஊற்றினால் மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

கொக்கிளாயில் களப்பைப் பார்க்கிற மாதிரி ஒரு நிழலில் இருங்கள். 1951இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். எதிர்க்கரையில் புல்மோட்டை தெரியும். முல்லைத்தீவு பஸ் அடிக்கடி வராது, ஆகவே இருப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று கேட்டுவிடுங்கள். திரும்பும்போது நான் கொக்குத்தொடுவாயில் ஒருதரம் இறங்குவேன். அம்மா தண்ணீர் அள்ளின கிணறு தூர்ந்துபோய் இருக்கிறது. கிணற்றுக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அவருக்கு அங்கிருந்தே போன் எடுப்பேன்.